வயலுக்குள் மாடு புகுந்த இரவும் சட்டத்தரணியைத் தேடிய குடும்பமும்: திருகோணமலைக் கிராமமொன்றிலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

திருகோணமலை மாவட்டத்தின் தென்பகுதியில், மகாவலி கங்கை கொட்டியாரக் குடாவில் கலக்கும் இடத்திற்கு அப்பால் உள்ள நெற்செய்கைக் கிராமம் ஒன்றில் நடந்த அடிபிடி வழக்கொன்றை இங்கு பதிவு செய்கிறேன். எதிரியின், அதாவது குற்றஞ்சாட்டப்பட்டவரின், குடும்பம் சட்டத்தரணி ஒருவரைத் தேடி அமர்த்திய விதமே இவ்வாய்வின் பொருள். அம்மாவட்டத்தில் சட்ட விழிப்புணர்வுப் பணி செய்பவன் என்ற முறையில், கிராமத்து மாதர் சங்கத்தினர் கேட்டுக்கொண்டதன் பேரில் தொடக்கம் முதல் அக்குடும்பத்துடன் இருந்தேன். வழக்கு முடிந்த பின்னர் எதிரிகள் இருவரும், முறைப்பாட்டாளரின் குடும்பத்தினரும் இதனை எழுதுவதற்கு இசைந்தார்கள். ஊர், ஆண்டு, பொலிஸ் நிலையம், நீதிமன்றம் ஆகியவற்றின் பெயர்களும் அடையாளம் காட்டக்கூடிய சில விபரங்களும் தவிர்க்கப்பட்டுள்ளன.

பின்னணி

இக்கிராமத்தில் ஏறத்தாழ எல்லாக் குடும்பங்களும் பெண் கொடுத்தோ எடுத்தோ ஒன்றுக்கொன்று உறவானவை. 2006 ஆம் ஆண்டில் இடம்பெயர்ந்து, முகாம்களிலும் உறவினர் வீடுகளிலும் ஆண்டுக்கணக்கில் இருந்துவிட்டுத் திரும்பியவர்கள் என்பதால், பொலிஸ் நிலையத்தின் வாசலை மிதிப்பதே இங்கு பலருக்கு இன்னும் அச்சம் தரும் காரியம். எந்தப் பிணக்கானாலும் முதலில் கோயில் நிர்வாக சபையினரிடமும், வயல் நீர்ப்பாசனத்தைக் கவனிக்கும் வட்டவிதானையிடமும் போவதுதான் வழக்கம். பெரும்பாலான பிணக்குகள் அங்கேயே தீர்ந்தும் விடுகின்றன. அதனைக் குறை சொல்வதற்கு எனக்கு எந்தக் காரணமும் இல்லை.

வேளாண்மையும் மாடு வளர்ப்புமே ஊரின் இரண்டு தொழில்கள். பெரும்போக விதைப்புக்கு முன்னர் நடைபெறும் பயிர்ச்செய்கை ஆரம்பக் கூட்டத்தில், பட்டி மாடுகளை எந்தத் திகதிக்குள் வயற்பகுதியிலிருந்து அப்புறப்படுத்த வேண்டும் என்று தீர்மானிப்பார்கள். மேய்ச்சல் தரை ஆண்டுக்கு ஆண்டு சுருங்கி வருவதால் அத்தீர்மானத்தைக் கடைப்பிடிப்பது பட்டிக்காரருக்குக் கடினமாகி வருகிறது. மாடு புகுந்தால் பயிரிட்டவருக்கு ஒரு போகமே போய்விடும். இந்த வழக்கின் வேர் அங்கேதான் இருந்தது.

மாவட்டத்தில் திருகோணமலை, மூதூர், கந்தளாய் ஆகிய இடங்களில் நீதவான் நீதிமன்றங்கள் உண்டு. மேல் நீதிமன்றம் நகரத்தில் இருக்கிறது. 2009 இல் கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டதன் பின்னர் நகரத்துக்கான தரைவழிப் பயணம் இலகுவாகியிருந்தாலும், சட்டத்தரணிகளில் பெரும்பாலானோர் நகரத்திலேயே வசிக்கிறார்கள். கிராமத்தவர்களுக்குப் பழக்கமான சட்டத்தரணிகள் அநேகமாகக் காணி உறுதி எழுதும் நொத்தாரிசுகளாகவும் இருப்பவர்கள். எனவே ஒரே சட்டத்தரணியின் அலுமாரியில் ஊரின் இரு பக்கத்தாரின் உறுதிகளும் இருக்கும். குற்ற வழக்கொன்று வரும்போது இதன் கனம் எத்தகையது என்பதைப் பெரும்பாலான குடும்பங்கள் யோசிப்பதில்லை.

அந்த இரவும் மறுநாள் காலையும்

நெற்பயிர் கதிர் வெளிவருவதற்கு முந்திய குடலைப் பருவத்தில் இருந்த ஓர் இரவில், காவலுக்கு வாடியில் படுத்திருந்த 24 வயது இளைஞர் ஒருவரும் அவரது தாய்மாமனும் தங்கள் வயலுக்குள் ஒரு பட்டி மாடுகள் நிற்பதைக் கண்டார்கள். மாட்டுச் சொந்தக்காரர் தேடி வந்தபோது வாய்த்தர்க்கம் ஏற்பட்டு, அது கைகலப்பாக மாறியது. மாட்டுச் சொந்தக்காரரின் முன்கை எலும்பு முறிந்தது. இளைஞரின் தலையில் வெட்டுக்காயம் ஏற்பட்டது. இளைஞர் வெளிநாட்டு வேலை ஒன்றிற்கு விண்ணப்பித்து, ஆவணங்களுக்காகக் காத்திருந்தவர். காயப்பட்டவர் அவருக்குத் தகப்பன் வழியில் உறவினர்.

காயப்பட்டவரை அன்றிரவே வைத்தியசாலைக்குக் கொண்டு சென்றார்கள். எலும்பு முறிவுச் சிகிச்சைக்காக அவர் திருகோணமலைக்கு மாற்றப்பட்டார். வைத்தியசாலையூடாகப் பொலிஸாருக்குத் தகவல் போயிற்று. இளைஞரோ தம் காயத்துக்கு வைத்தியசாலைக்குச் செல்லவில்லை. போனால் அங்கேயே பிடித்துவிடுவார்கள் என்ற பயத்தில் வீட்டில் மஞ்சள் வைத்துக் கட்டிக்கொண்டார். பின்னர் இது எவ்வளவு பெரிய இழப்பாக முடியவிருந்தது என்பதை அவர் அப்போது அறிந்திருக்க நியாயமில்லை.

மறுநாள் காலை ஊர்ப் பெரியவர்கள் வீட்டுக்கு வந்து, இருவரும் உடனே பொலிஸ் நிலையத்துக்குப் போய் உள்ளதைச் சொல்லிவிட்டால் காரியம் சுருக்கமாக முடிந்துவிடும் என்று ஆலோசனை கூறினார்கள். நல்லெண்ணத்துடன் சொல்லப்பட்ட ஆலோசனை அது. தாய்மாமன் அதனை ஏற்று, பெரியவர்களுடன் அன்றே போனார். தாயாரோ மகனை அனுப்பத் தயங்கினார். “தம்பி, அவன் எங்கேயும் ஓட மாட்டான். ஆனால் தனியே அனுப்ப எனக்கு மனம் கேட்கவில்லை” என்று அவர் என்னிடம் சொன்னார்.

யாரை அமர்த்துவது என்ற கேள்வி

அந்தப் பகலில் நான்கு வழிகள் பேசப்பட்டன.

முதலாவது, ஊரிலே பிறந்து சட்டத்தரணியானவர். எல்லோருக்கும் பெருமை தருபவர், கட்டணமும் பெரிதாகக் கேட்க மாட்டார் என்று குடும்பம் எண்ணியது. தொலைபேசியில் பேசியபோது அவரே மறுத்துவிட்டார். காயப்பட்டவரும் தமக்கு உறவு என்றும், அவருடைய காணி வழக்கொன்றில் ஏற்கெனவே தாம் ஆலோசனை கூறியிருப்பதாகவும், ஆகவே எந்தப் பக்கத்துக்கும் தோன்றுவது முறையல்ல என்றும் விளக்கினார். குடும்பத்தவர்கள் அப்போது மனம் வருந்தினார்கள். ஊரான் கைவிட்டான் என்ற பேச்சும் எழுந்தது. என் மதிப்பீட்டில், இந்த வழக்கில் அவர்களுக்குக் கிடைத்த முதல் நல்ல உதவி அந்த மறுப்புத்தான். 1988 ஆம் ஆண்டின் சட்டத்தரணிகள் நடத்தை விதிகள் எதிர்பார்க்கும் ஒழுக்கத்தை அவர் வாய்விட்டுச் சொல்லாமலே கடைப்பிடித்தார்.

இரண்டாவது, நீதிமன்ற வாசலில் நிற்கும் தரகர் ஒருவரூடாகக் கிடைக்கக்கூடிய சட்டத்தரணி. குற்றத்தை ஒப்புக்கொண்டால் தண்டப்பணத்துடன் வீட்டுக்குப் போய்விடலாம் என்று அந்தத் தரகர் வழக்கின் தாள் ஒன்றைக்கூடப் பார்க்காமல் உறுதி சொன்னார். மூன்றாவது, நகரத்தில் பெரும் பெயர் பெற்ற மூத்த சட்டத்தரணி. அவரது கட்டணம் குடும்பத்தின் கைக்கு எட்டாதது என்பதுடன், நீதவான் நீதிமன்றத்துக்குப் பெரும்பாலும் தம் கனிஷ்டரையே அனுப்புவார் என்றும் தெரிந்தது. நான்காவது, 1978 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் நிறுவப்பட்ட சட்ட உதவி ஆணைக்குழுவின் திருகோணமலை நிலையம். குடும்பத்தின் வருமானம் அங்கு கட்டணமின்றி வழக்குப் பேசுவதற்கான வரம்புக்குள் வராது என்று தெரிந்தபோதிலும், அங்கு பெற்ற ஆலோசனை அன்றைய தினத்தில் மிகப் பெறுமதியானதாக இருந்தது. வாக்குமூலம் கொடுப்பதற்கு முன்னர் சட்டத்தரணி ஒருவரைக் காண வேண்டும் என்பதும், தலைக்காயம் சட்ட வைத்திய அதிகாரியால் பதிவு செய்யப்பட வேண்டும் என்பதும் அங்குதான் முதலில் சொல்லப்பட்டன.

இறுதியில் அமர்த்தப்பட்டவர், நகரத்தில் வசித்து அந்த நீதிமன்றத்துக்குத் தவறாமல் வந்து குற்ற வழக்குகள் பேசும் பெண் சட்டத்தரணி ஒருவர். அவரை நாம் பரிந்துரைத்ததற்குக் காரணங்கள் எளியவை. கிராமத்தின் எந்தக் குடும்பத்துடனும் அவருக்கு உறவோ உறுதித் தொடர்போ இல்லை. தாமே நேரில் தோன்றுவதாகச் சொன்னார். அந்த நீதிமன்றத்தின் நடைமுறைகளை நன்கு அறிந்தவர். இவற்றுக்கு மேலாக, முதல் உரையாடலில் அவர் எந்த முடிவையும் வாக்களிக்கவில்லை. பிணைக்கு எவ்வளவு, ஒவ்வொரு தவணைக்கும் (வழக்கு எடுக்கப்படும் நாளுக்கும்) எவ்வளவு, விளக்கம் (சாட்சிகளை விசாரிக்கும் கட்டம்) தொடங்கினால் எவ்வளவு என்பதைத் தம் கடிதத்தாளில் எழுதிக் கொடுத்தார். ஒரு தவணைக்கான தொகை கூலி வேலை செய்பவரின் நான்கைந்து நாள் வருமானத்துக்கு ஒப்பானது. தாயார் ஒரு சோடிக் காப்பை அடகு வைத்து முதற்பணத்தைக் கட்டினார்.

பெண் ஒருவர் அடிபிடி வழக்கைப் பேசுவாரா என்று சில உறவினர்கள் ஐயப்பட்டார்கள். அந்த ஐயம் முதல் தவணையோடு தீர்ந்தது.

இன்னொரு முடிவு குடும்பத்துக்கு அதிக வேதனை தந்தது. மருமகனுக்கும் மாமனுக்கும் ஒரே சட்டத்தரணியை அமர்த்தினால் செலவு பாதியாகும் என்று அவர்கள் நினைத்தார்கள். சட்டத்தரணி அதற்கு இணங்கவில்லை. தாய்மாமன் ஏற்கெனவே வாக்குமூலம் கொடுத்துவிட்டார். அதில் என்ன சொன்னார் என்பது தெரியாது. இருவரின் நலன்களும் ஓர் இடத்தில் பிரியக்கூடும். அப்போது ஒருவரைக் காப்பாற்ற மற்றவரைக் காட்டிக்கொடுக்கும் நிலைக்குத் தாம் வர முடியாது என்று அவர் விளக்கினார். தாய்மாமனுக்கு வேறொருவரை அமர்த்தும்படி வற்புறுத்தினார். அவர் தரகர் காட்டிய வழியிலேயே போனார்.

பொலிஸ் நிலையமும் முதல் தவணையும்

2012 ஆம் ஆண்டு வர்த்தமானியில் வெளியான விதிகளின்படி, கட்சிக்காரரின் சார்பில் சட்டத்தரணி பொலிஸ் நிலையத்தில் தோன்றலாம். மறுநாள் இளைஞர் சட்டத்தரணியுடன் அங்கு சென்றார். தாய்மாமனின் வாக்குமூலம் சிங்களத்தில் எழுதப்பட்டு, தமிழில் வாய்மொழியாகச் சுருக்கிச் சொல்லப்பட்டு, அவரது கையொப்பம் பெறப்பட்டிருந்தது. தாம் எதில் கையொப்பமிட்டார் என்பதை அவரால் சரியாகச் சொல்ல முடியவில்லை. இளைஞரின் வாக்குமூலம் தமிழில் எழுதப்பட வேண்டும் என்று சட்டத்தரணி மரியாதையுடன் கேட்டார். தமிழ் எழுதத் தெரிந்த உத்தியோகத்தர் வரும்வரை காத்திருக்க நேர்ந்தாலும், அது அவ்வாறே எழுதப்பட்டது. இளைஞர் சுருக்கமாகவே பேசினார்: சம்பவம் நடந்ததை மறுக்கவில்லை, தமக்கும் காயம் உண்டு என்பதைப் பதியச் செய்தார், மேலதிக விபரங்களை நீதிமன்றத்தில் கூறுவதாகச் சொன்னார்.

பொலிஸ் உத்தியோகத்தரிடம் செய்யப்படும் குற்ற ஒப்புதலை எதிரிக்கு எதிராக நிரூபிக்க முடியாது என்பது சாட்சியக் கட்டளைச் சட்டத்தின் 25 ஆம் பிரிவு. இதனை அறிந்த சிலர், அப்படியானால் பொலிஸில் எதைச் சொன்னாலும் பரவாயில்லையே என்று என்னிடம் கேட்டதுண்டு. நடைமுறை அப்படி இல்லை. முதல் வாக்குமூலமே விசாரணை போகும் திசையைத் தீர்மானிக்கிறது. குற்றச்சாட்டு எந்தப் பிரிவில் வைக்கப்படும் என்பதிலும் அதன் செல்வாக்கு உண்டு. தாய்மாமன் ‘மருமகன்தான் கம்பால் அடித்தான்’ என்று சொல்லியிருந்தார் என்பதும், கம்பு வயலோரத்தில் கிடப்பதாக அவரே காட்டிக்கொடுத்தார் என்பதும் பின்னர் தெரியவந்தன.

1979 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின்படி 24 மணித்தியாலத்துக்குள் இருவரும் நீதவான் முன்னிலையில் ஆஜர்படுத்தப்பட்டார்கள். பொலிஸாரின் அறிக்கையில் தாய்மாமன் மீது தண்டனைச் சட்டக்கோவையின் 314 ஆம் பிரிவும், அதாவது சாதாரண காயம் விளைவித்தலும், இளைஞர் மீது ஆபத்தான ஆயுதத்தால் கொடுங்காயம் விளைவித்தல் என்ற 317 ஆம் பிரிவும் குறிப்பிடப்பட்டிருந்தன. முன்னதற்கு உச்ச தண்டனை ஓராண்டுச் சிறை, பின்னதற்குப் பத்தாண்டுகள். தாய்மாமனுக்கு அன்றே பிணை கிடைத்தது. காயப்பட்டவர் இன்னும் வைத்தியசாலையில் இருந்ததாலும், ஊரில் பதற்றம் நிலவுவதாகப் பொலிஸார் கூறியதாலும் இளைஞர் விளக்கமறியலில் வைக்கப்பட்டார்.

அன்று சட்டத்தரணி கேட்டுப் பெற்றது ஒரேயொரு கட்டளை: இளைஞரைச் சட்ட வைத்திய அதிகாரியிடம் காட்டி அறிக்கை பெற வேண்டும் என்பது. காயம் ஆறத் தொடங்கியிருந்தாலும் அதன் நீளமும் காலமும் பதிவாயின. இன்னும் சில நாட்கள் கடந்திருந்தால், அப்படியொரு காயம் இருந்தது என்பதற்குத் தாயாரின் வாய்ச்சொல்லைத் தவிர வேறு சாட்சியம் இருந்திராது.

அடுத்த தவணையில் பிணை பேசப்பட்டது. 1997 ஆம் ஆண்டின் 30 ஆம் இலக்கப் பிணைச் சட்டம், பிணை வழங்குவதே விதி, மறுப்பது விதிவிலக்கு என்று கூறுகிறது. மறுப்பதற்கான காரணங்களை அதன் 14 ஆம் பிரிவு வரையறுக்கிறது. சட்டத்தரணி இரக்கத்தை முன்வைத்து வாதிடவில்லை. அக்காரணங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பதில் சொன்னார். தலைமறைவாவார் என்ற அச்சத்துக்குக் கடவுச்சீட்டை நீதிமன்றத்தில் ஒப்படைக்க முன்வந்தார். சாட்சிகளுக்கு இடையூறு, ஊரில் அமைதியின்மை ஆகிய ஆட்சேபங்களுக்கு, இளைஞர் வழக்கு முடியும்வரை நகரத்தில் பெரியப்பா வீட்டில் தங்குவார் என்று கூறி, அவ்வீட்டுக்குரிய கிராம உத்தியோகத்தரின் வதிவிடச் சான்றிதழைக் காட்டினார். இரண்டு சரீரப் பிணைகளில், கிராமத்துக்குள் பிரவேசிக்கக் கூடாது, ஞாயிறு தோறும் பொலிஸில் கையொப்பமிட வேண்டும் என்ற நிபந்தனைகளுடன் இளைஞர் விடுவிக்கப்பட்டார். அந்தப் போகத்தின் அறுவடையை அவரால் பார்க்க முடியவில்லை.

சட்டத்தரணியின் அறையில்

இந்நிகழ்வில் மிக முக்கியமானது என்று நான் கருதுவது நீதிமன்றத்தில் நடந்ததன்று. பிணைக்குப் பின் சட்டத்தரணியின் அறையில் நடந்த ஓர் உரையாடல்.

அதுவரை குடும்பமும் ஊரும் ஒரே கதையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தன: மாட்டுச் சொந்தக்காரர் முதலில் அடித்தார், தலை உடைந்த பிறகே இளைஞர் தற்காப்புக்காகக் கம்பை எடுத்தார். தந்தையார் இக்கதையைச் சந்தியிலும் தேநீர்க் கடையிலும் சொல்லி வந்தார். தண்டனைச் சட்டக்கோவையின் 89 ஆம் பிரிவு முதல் கூறப்படும் தற்காப்புரிமை, இக்கதைக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை போலப் பொருந்தியது.

அறைக்குள் தந்தையார் மகனுடன் வந்து அமர்ந்தபோது, சட்டத்தரணி அவரை வெளியே இருக்கும்படி கேட்டுக்கொண்டார். பணம் கட்டுபவர் தாம்தானே என்று தந்தையார் சற்றுக் கோபப்பட்டார். கட்சிக்காரர் உங்கள் மகன்தான் ஐயா, அவர் என்னிடம் சொல்வதை நான் உங்களிடம்கூடச் சொல்லக் கூடாது என்று சட்டத்தரணி பதிலளித்தார். சட்டத்தரணிக்கும் கட்சிக்காரருக்கும் இடையிலான தொழில்சார் தொடர்பாடலை, கட்சிக்காரரின் சம்மதமின்றி வெளியிடுவதைச் சாட்சியக் கட்டளைச் சட்டத்தின் 126 ஆம் பிரிவு தடை செய்கிறது. அந்தத் தடையின் பயனை எல்லோரும் கேள்விப்பட்டிருப்போம். அன்று அது வேலை செய்ததைக் கண்டோம்.

கதவு சாத்தப்பட்ட பின்னர் இளைஞர் நெடுநேரம் பேசாதிருந்துவிட்டு, முதல் அடி தம்முடையது என்று சொன்னார். இறந்துபோன தம் மூத்த சகோதரனைப் பற்றி மாட்டுச் சொந்தக்காரர் சொல்லத்தகாத சொல்லொன்றைச் சொன்னதாகவும், அதைக் கேட்டதும் கையிலிருந்த மாடு சாய்க்கும் கம்பால் அடித்ததாகவும், அதன் பிறகே அவர் கையிலிருந்த கத்தியைத் திருப்பித் தம் தலையில் வெட்டினார் என்றும் கூறினார். அந்தச் சொல்லைத் தந்தையின் முன்னால் திரும்பச் சொல்ல அவருக்கு மனம் வரவில்லை. ஆகவே ஊரின் கதையைத் தாமும் ஏற்றுக்கொண்டு இருந்துவிட்டார்.

இந்த ஒரு தகவல் வழக்கின் போக்கையே மாற்றிற்று. பொய் என்று தாம் அறிந்த கதையைச் சாட்சியமாக முன்வைக்கச் சட்டத்தரணியால் முடியாது. முன்வைத்திருந்தாலும், காயங்களின் வரிசையைப் பற்றிய குறுக்கு விசாரணையில் அது சிதறியிருக்கும். மாறாக, கடுமையானதும் திடீரென்றதுமான கோபமூட்டலினால் கொடுங்காயம் விளைவித்தல் என்ற வேறொரு குற்றத்தை 326 ஆம் பிரிவு தனியாக வகுத்து, அதற்குக் குறைந்த தண்டனையை விதித்திருக்கிறது. உண்மைக்குப் பொருந்தும் வாதம் அதுதான் என்று சட்டத்தரணி கண்டார். உறவுக்காரரான சட்டத்தரணியிடமோ, தந்தையின் நண்பரிடமோ அந்த இளைஞர் அச்சொல்லைச் சொல்லியிருப்பார் என்று நான் நம்பவில்லை.

பிணையில் இருந்த மாதங்கள்

ஊர்ப் பெரியவர்கள் மீண்டும் சமரசம் பேச விரும்பினார்கள். தாயாரும் தந்தையாரும் பழத்தட்டுடனும் சிறு தொகையுடனும் காயப்பட்டவரின் வீட்டுக்குப் போய், வழக்கை விட்டுவிடும்படி கேட்பது என்று கோயில் முற்றத்தில் தீர்மானித்தார்கள். எங்கள் ஊர்களில் இது மரியாதைக்குரிய வழமை. மன்னிப்புக் கேட்பதற்கு இதைவிடப் பண்பான முறை இல்லை. ஆனால் வழக்கு நிலுவையில் இருக்கும்போது, பாதிக்கப்பட்டவரைச் சாட்சியம் சொல்லாதிருக்கத் தூண்டுவதாக அது கொள்ளப்படலாம். பாதிக்கப்பட்டோருக்கும் சாட்சிகளுக்கும் பாதுகாப்பளிக்க 2015 இல் இயற்றப்பட்டு 2023 இன் 10 ஆம் இலக்கச் சட்டத்தினால் பதிலீடு செய்யப்பட்ட சட்டம் இதனைப் பாரதூரமான குற்றமாகக் கருதுகிறது, பிணையும் இரத்தாகலாம். சட்டத்தரணி அன்று மாலையே தொலைபேசியில் அழைத்து அதனைத் தடுத்தார். இணக்கம் வேண்டுமானால் அது நீதிமன்றத்தின் கண் முன்னால், காயப்பட்டவருக்கும் ஒரு சட்டத்தரணி இருக்கும் நிலையில் பேசப்பட வேண்டும் என்றார். பெரியவர்களுக்கு இதனைப் புரிய வைப்பது எனக்கு எளிதாக இருக்கவில்லை. அவர்களது மனக்கசப்பு முற்றாக நீங்கிவிட்டது என்றும் சொல்ல மாட்டேன்.

இன்னொரு விடயத்திலும் சட்டத்தரணி கண்டிப்பாக இருந்தார். நீதிமன்ற வளாகத்துக்கு எதிரே உள்ள தேநீர்க் கடையில் வழக்கைப் பற்றி எவரும் பேசக் கூடாது என்றார். இரு குடும்பங்களும் ஒரே பேருந்தில் வந்து, ஒரே கடையில் தேநீர் குடித்து, ஒரே பேருந்தில் திரும்புகின்றன.

குற்றச்சாட்டும் விளக்கமும்

சட்ட வைத்திய அறிக்கைகள் கிடைத்த பின்னர் பொலிஸார் குற்றப்பத்திரத்தைத் தாக்கல் செய்தார்கள். குற்றச்சாட்டு வாசிக்கப்பட்ட அன்றே தாய்மாமன், தம் சட்டத்தரணியின் ஆலோசனைப்படி குற்றத்தை ஒப்புக்கொண்டார். குற்றவாளியாகக் காணப்பட்டுத் தண்டப்பணம் விதிக்கப்பட்டது. பணத்தைக் கட்டிவிட்டு மத்தியானப் பேருந்தில் வீடு திரும்பினார். இளைஞர் குற்றமற்றவர் என்று கூறினார். தவணைகள் தொடர்ந்தன. ஒவ்வொரு தவணைக்கும் பணம் திரட்டுவது பெருஞ்சுமையாக இருந்தபோது, மாமன் ஒரு நாளில் முடித்தாரே, இவன் ஏன் இழுக்கிறான் என்ற பேச்சு வீட்டுக்குள்ளேயே எழுந்தது.

விளக்கத்தில் முறைப்பாட்டாளரான மாட்டுச் சொந்தக்காரர் சாட்சியம் அளித்தார். குறுக்கு விசாரணை நிதானமாக நடந்தது. மாடுகளை அகற்றும் திகதி கடந்திருந்ததையும், தம் கையில் கத்தி இருந்ததையும், இறந்தவரைப் பற்றிப் பேசியதையும் அவர் ஒப்புக்கொண்டார். அவரைச் சிறுமைப்படுத்தும் கேள்வி ஒன்றும் கேட்கப்படவில்லை. அவரது உறவினர்கள் பின்னர் என்னிடம் இதனைக் குறிப்பிட்டார்கள். அன்றுதான் தங்கள் மனம் இளகத் தொடங்கியது என்றார்கள்.

தண்டனை பெற்று முடிந்த தாய்மாமனை வழக்குத் தொடுநர் தரப்புச் சாட்சியாக அழைக்கச் சட்டத்தில் தடை இல்லை. மருமகனுக்கு எதிராக மாமன் கூண்டில் ஏற வேண்டி வரலாம் என்ற அச்சம் குடும்பத்தை உலுக்கியது. அந்நிலை வருவதற்கு முன்னர், சட்டத்தரணி முன்வைத்த எழுத்து மூல வேண்டுகோளையும் முறைப்பாட்டாளரின் சாட்சியத்தையும் கருத்திற்கொண்டு, குற்றச்சாட்டு 326 ஆம் பிரிவுக்குத் திருத்தப்பட்டது. இளைஞர் அதனை ஏற்றார். முறைப்பாட்டாளரின் மருத்துவச் செலவுக்கும் உழைப்பு இழப்புக்குமான தொகை திறந்த நீதிமன்றத்தில் இணங்கப்பட்டு, அறுவடைக்குப் பின் இரண்டு தவணைகளில் செலுத்தப்பட்டது. நீதவான், வயதையும் முன்குற்றம் இல்லாமையையும் சூழ்நிலைகளையும் கருதி, குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 306 ஆம் பிரிவின் கீழ் குற்றத்தீர்ப்பு வழங்காமல், நன்னடத்தைப் பிணைமுறியின் பேரில் அவரை விடுவித்தார். அப்பிரிவு, குற்றம் நிரூபிக்கப்பட்டாலும் தண்டனை விதிப்பது உசிதமன்று என்று நீதவான் கருதும் வழக்குகளுக்கு உரியது.

இதனை வெற்றி என்று குடும்பம் கொண்டாடவில்லை, கொண்டாடியிருக்கவும் கூடாது. ஒருவரது கை முறிந்தது உண்மை; அக்கை பழைய வலுவுக்கு இன்னும் முழுமையாகத் திரும்பவில்லை.

தாய்மாமனுக்கு நேர்ந்தது

குறைந்த குற்றச்சாட்டு யார் மீது இருந்ததோ அவருக்கே அதிக இழப்பு ஏற்பட்டது. தாய்மாமன் முன்னர் மத்திய கிழக்கில் சாரதியாக வேலை செய்தவர். மீண்டும் போவதற்கு விண்ணப்பித்தபோது கேட்கப்பட்ட பொலிஸ் சான்றிதழில் அவரது குற்றத்தீர்ப்புப் பதிவாகியிருந்தது. தண்டப்பணம் கட்டியதோடு வழக்கு முடிந்தது என்றே அவர் எண்ணியிருந்தார். குற்றத்தீர்ப்பு என்ற சொல்லின் பின்விளைவை அவருக்கு எவரும் விளக்கவில்லை. தாமே ஒப்புக்கொண்ட குற்றத்துக்கு எதிராக மேன்முறையீடு செய்யவும் வழியில்லை. மாகாண மேல் நீதிமன்றத்தில் மீளாய்வு கோருவது ஒன்றே எஞ்சியது. மருமகனின் சட்டத்தரணியிடம் அவர் பின்னர் ஆலோசனை கேட்டார். அவர் கைகலப்பில் கால்களைப் பிடித்து விலக்க முயன்றவர் என்பதற்கு முறைப்பாட்டாளரின் சாட்சியமே ஆதாரமாக இருந்தது. அந்தச் சாட்சியம் நீதிமன்றில் பதியப்படுவதற்கு முன்னரே அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டுவிட்டார்.

மாற்றிச் செய்ய வேண்டியவை

இந்நிகழ்வுக்குப் பின் மாதர் சங்கத்தினருடனும் கோயில் நிர்வாக சபையினருடனும் தனித்தனியே அமர்ந்து பேசினோம். பெரியவர்கள் முதலில் தயங்கினாலும் ஒன்றை ஏற்றுக்கொண்டார்கள்: கைது நேரக்கூடிய எந்த விடயத்திலும், பொலிஸ் நிலையத்துக்கு ஒருவரை அழைத்துச் செல்வதற்கு முன்னர், சட்ட உதவி நிலையத்துடனோ சட்டத்தரணி ஒருவருடனோ தொலைபேசியில் பேச வேண்டும் என்பது. அவர்கள் துணைக்குப் போவதை நிறுத்த வேண்டியதில்லை. வாக்குமூலம் எந்த மொழியில் எழுதப்படுகிறது என்று கேட்பதும், வாசித்துக் காட்டாமல் கையொப்பமிட வேண்டாம் என்று சொல்வதும் அவர்களால் செய்யக்கூடிய பெரிய உதவி.

சட்டத்தரணியைத் தேடும் குடும்பத்துக்கு நாம் இப்போது சொல்வது இது. அவர் எத்தனை வழக்கு வென்றார் என்று விசாரிப்பதற்கு முன்னர், எதிர்த் தரப்புக்கு எப்போதாவது உறுதி எழுதியோ வழக்குப் பேசியோ இருக்கிறாரா என்று அவரிடமே நேரடியாகக் கேளுங்கள். அது அவரை அவமதிக்கும் கேள்வி அன்று. தாமே தோன்றுவாரா, கட்டணம் எதை உள்ளடக்குகிறது என்பவற்றை எழுத்தில் கேளுங்கள். குற்றத்தை ஒப்புக்கொள்ளும்படி ஆலோசனை வந்தால், அது குற்றத்தீர்ப்பாகப் பதியப்படுமா, 306 ஆம் பிரிவின் கீழ் கோருவதற்கு இடமுண்டா என்று கேட்காமல் தலையசைக்க வேண்டாம். காயம் எவ்வளவு சிறியதாக இருந்தாலும் அன்றே வைத்தியசாலையில் பதியுங்கள். எதிரி சட்டத்தரணியுடன் தனியே பேசட்டும். தாய் தந்தையர் வெளியே காத்திருக்கலாம்.

கட்டணம் என்ற தடை மட்டும் ஆலோசனையால் தீராதது. முதல் நாளுக்கான சட்டத்தரணிச் செலவை உடனடியாகக் கடனாகக் கொடுத்து, அறுவடையில் திரும்பப் பெறும் சிறு நிதியொன்றை மாதர் சங்கம் தன் சேமிப்பிலிருந்து ஒதுக்கியுள்ளது. அந்நிதியிலிருந்து முதலில் கடன் பெற்றவர் தாய்மாமன். மாகாண மேல் நீதிமன்றத்தில் அவரது மீளாய்வு மனுவைத் தாக்கல் செய்வதற்கான செலவு அதிலிருந்து கொடுக்கப்பட்டது. அம்மனு இன்னும் விசாரணைக்கு எடுக்கப்படவில்லை.